புதிய பல்லி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “ஒரு பல்லி புதிய சிற்றினம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? டிஎன்ஏ பரிசோதனை வந்த பிறகும் ஏன் செதில்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? நான் படம் எடுத்து வைத்திருக்கும் ஒரு பல்லி எந்தக் கையேட்டோடும் பொருந்தவில்லை. அது புதியதாக இருக்குமா?”

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருக்கலாம். பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி எல்லாம் சேர்த்து இதுவரை பெயர் பெற்ற சிற்றினங்கள் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆண்டுதோறும் பட்டியல் நீள்கிறது. சிர்டோடாக்டைலஸ் என்ற ஒரே பேரினத்தில் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) மட்டும் 300க்கும் மேல் இருக்கின்றன. ஆனால் கையேட்டோடு பொருந்தாத பல்லிகளில் பெரும்பாலானவை புதியவை அல்ல. குட்டியாக இருக்கும், தோல் உரிக்கும் தறுவாயில் நிறம் மங்கியிருக்கும், அறுந்து முளைத்த வாலோடு இருக்கும், அல்லது கையேடே பழையதாக இருக்கும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சினால் அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

முதலில், சிற்றினம் என்றால் என்ன என்பதே முழுதாகத் தீர்ந்த விஷயம் இல்லை. பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மாயர் 1942இல் வலியுறுத்திய வரையறைப்படி, தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு பிறவற்றோடு கலக்காமல் நிற்கும் கூட்டமே சிற்றினம். பாடப்புத்தகத்துக்கு இது போதும். ஒன்றையொன்று சந்திக்கவே வழியில்லாத இரண்டு மலைமுகடுகளில் வாழும் பல்லிகளுக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஆணே இல்லாமல் பெண்கள் மட்டும் இனம் பெருக்கும் வகைகளை என்ன செய்வது? வியட்நாமில் உணவகங்களில் பரிமாறப்பட்டுவந்த லையோலெபிஸ் ஓணான் ஒன்று 2010இல் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. தொட்டியில் கிடந்தவை அத்தனையும் பெண்கள், அத்தனையும் ஒரே சாயல் என்பதுதான் அங்கே கிடைத்த முதல் துப்பு. 2014இல் பெயர் பெற்ற ஆஸ்பிடோசெலிஸ் நீவ்சி இதைவிட விநோதமானது. அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு சிற்றினங்களை இணைசேர்த்ததில் உருவான, நான்கு தொகுதி குரோமோசோம்கள் கொண்ட, பெண்கள் மட்டுமே உள்ள வம்சம் அது.

இந்தக் குழப்பத்துக்கு இன்று பலரும் ஏற்கும் ஒரு தீர்வைக் கெவின் டி குவேரோஸ் 2007இல் தெளிவாக எடுத்துவைத்தார். தனித்துப் பரிணமிக்கும் வம்சாவளிதான் சிற்றினம். உருவ வேறுபாடு, மரபணு வேறுபாடு, இனப்பெருக்கத் தடை, வாழிட வேறுபாடு ஆகியவை அதற்குக் கிடைக்கக்கூடிய சான்றுகள். எந்தச் சான்று முதலில் தலைகாட்டும் என்று விதி எதுவும் இல்லை. சில வம்சங்களில் மரபணு வெகுவாக மாறிவிட்டிருக்கும், உருவம் மாறியிருக்காது. சிலவற்றில் நேர் எதிராக நடந்திருக்கும். ஆகவே ‘புதிய சிற்றினம்’ என்று எழுதுகிறவர் ஒரு கருதுகோளை முன்வைத்து வாதாடுகிறார். அதனால்தான் செதிலும் வேண்டும், டிஎன்ஏயும் வேண்டும்.

வெளியே அவ்வளவாகத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதிக்கு மேல், காட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் நடப்பதில்லை. பழைய பெயர்களோடு மல்லுக்கட்டுவதில் போகிறது. விலங்குப் பெயர்களுக்கான காலக்கணக்கு லின்னேயஸின் நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758இலிருந்து தொடங்குகிறது. அன்று முதல் யாரேனும் உங்கள் பல்லிக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயருக்கே முன்னுரிமை.

நமக்கெல்லாம் தெரிந்த தோட்டத்து ஓணானையே எடுத்துக்கொள்ளுங்கள். டோதான் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1802இல் பெயரிட்ட கலோட்டஸ் வெர்சிகலர் அது. தெற்காசியா முழுவதிலும் அதற்கு அப்பாலும் இருப்பது ஒரே ஓணான்தான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். உருவத்தையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, தெற்காசியாவில் அந்தப் பெயருக்குள் நான்கு சிற்றினங்கள் ஒளிந்திருப்பதாகக் காட்டியது. ஆனால் புதுப் பெயர் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஒன்றுக்கு 2006இல் மியான்மர் ஓணானுக்கு வைத்த பெயர் பொருந்தியது. இன்னொன்றுக்கு 1993இல் பாகிஸ்தானிலிருந்து துணைச்சிற்றினமாக விவரிக்கப்பட்ட பெயர் இருந்தது. மூன்றாவதற்கு 1825ஆம் ஆண்டுப் பெயர் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார்கள். அவசரக்காரர் யாரேனும் இதே மரபணு முடிவை வைத்துக்கொண்டு மூன்று புதுப் பெயர்களைச் சூட்டியிருந்தால், மூன்றும் செல்லாப் பெயர்களாகப் போயிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய திராவிடோகெக்கோ பேரினத்தில், குந்தர் என்ற விலங்கியலாளர் 1875இல் விவரித்த ஆனைமலைப் பல்லி ஒன்றுதான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்டிருந்தது. 2019இல் ஒரே கட்டுரையில் ஆறு புதிய சிற்றினங்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுக்கு ‘தொல்பல்லி’ என்றே பெயர். பல மலைகளில் பல வம்சங்கள் என்று மரபணு காட்டிய உடனே எழுகிற கேள்வி, பழைய பெயர் இவற்றில் யாருக்குச் சொந்தம் என்பது. அதைத் தீர்ப்பது மூல மாதிரி. எந்த ஒரு விலங்கின் உடலை வைத்துப் பெயர் கொடுத்தார்களோ அந்த உடல் அருங்காட்சியகத்தில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரிகள் பல லண்டனில் இருக்கின்றன. சீட்டில் ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தால் அதிர்ஷ்டம். ‘தென்னிந்தியா’ என்று மட்டும் எழுதியிருந்தால் தலைவலி.

இன்று அந்தப் பழைய உடல்களிலிருந்தே டிஎன்ஏ எடுக்க முடிகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபார்மலினைத் திசுக்களைப் பதப்படுத்தப் பயன்படுத்தலாம் என்று ஃபெர்டினாண்ட் புளூம் காட்டியது 1893இல்தான். அதற்கு முந்தைய மாதிரிகள் வெறும் சாராயத்தில் ஊறியவை. ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதங்களோடு பிணைத்துக் கெடுத்துவிடும். அதனால் 1870களின் பல்லி ஒன்று, 1950களின் பல்லியைவிட நல்ல டிஎன்ஏ தருவதும் உண்டு.

இனி உருவ ஆய்வு. பல்லி கிடைத்ததும், அரசு அனுமதி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுப்பார்கள். பதப்படுத்திய பின் நிறம் போய்விடும். பழைய விளக்கங்களில் ‘பழுப்பு’ என்று எழுதியிருப்பதில் பாதி, சாராயம் தந்த பழுப்பு. அடுத்து கல்லீரலிலோ வால்நுனியிலோ சிறு துண்டை வெட்டி அடர்ந்த எத்தனாலில் இட வேண்டும். ஃபார்மலின் படுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். பிறகு விரல்களை விரித்துவைத்து உடலை நிலைப்படுத்தி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவார்கள். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை அளப்பது வழக்கம். வால் அறுந்து முளைக்கக்கூடியது என்பதால் மொத்த நீளத்தை நம்ப முடியாது.

அதன்பின் எண்ணிக்கை. மேலுதட்டுச் செதில்கள், கீழுதட்டுச் செதில்கள், முதுகில் உள்ள முண்டுகளின் வரிசைகள், நான்காம் விரலின் அடியில் உள்ள தகடுகள், ஆண்களுக்குக் கழிவாயின் முன்னாலும் தொடையிலும் இருக்கும் துளைகள் என்று பட்டியல் நீளும். திராவிடோகெக்கோ சிற்றினங்களைப் பிரித்தறிய இந்தத் துளைகளின் எண்ணிக்கை பெரிதும் உதவியது.

வயிற்றின் குறுக்கே செதில் எண்ணுவதை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கேட்பதற்கு எளிது. பல்லியை மல்லாத்தி, உருப்பெருக்கியின் கீழே வைத்து, உடலின் நடுவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும். ஆனால் வயிறு எங்கே தொடங்குகிறது? விலாவில் குறுணையாக இருக்கும் செதில்கள் கீழே வர வர மெல்லப் பெருத்து, தட்டையாகி, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் படியத் தொடங்கும். கோடு போட்டதுபோல் எல்லை எதுவும் இருக்காது. ஒருவர் இங்கே தொடங்குவார், இன்னொருவர் இரண்டு வரிசை தள்ளித் தொடங்குவார். ஒருவருக்கு 24 வரும், மற்றவருக்கு 28 வரும். இந்த வித்தியாசத்தை வைத்துப் புதிய சிற்றினம் என்று எழுதினால், கண்டுபிடிக்கப்பட்டது எண்ணியவரின் பழக்கம்தான். ஆகவே ஒப்பிடும் மாதிரிகள் அனைத்தையும் ஒரே ஆள், ஒரே முறையில், முடிந்தால் இரண்டு முறை எண்ண வேண்டும். பழைய கட்டுரைகளிலிருந்து எண்களை எடுத்து அட்டவணையில் ஒட்டவைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

இன்னொரு பொறி, மாதிரிகளின் எண்ணிக்கை. மூன்று பல்லிகளில் 5, 5, 6 துளைகள் என்று கண்டால், அந்தச் சிற்றினத்துக்கு 5 முதல் 6 என்று எழுதிவிடுவார்கள். முப்பது பல்லி கிடைத்தால் அது 4 முதல் 8 ஆகலாம், அப்போது பக்கத்து மலைப் பல்லியோடு கலந்துபோகும். ஆணும் பெண்ணும், குட்டியும் முதிர்ந்ததும் வேறுபடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மடகாஸ்கரில் 2021இல் விவரிக்கப்பட்ட புரூக்கேசியா நானா என்ற பச்சோந்தியின் ஆணுக்கு, மூக்கு முதல் கழிவாய் வரை 13.5 மில்லிமீட்டர்தான். குட்டியாக இருக்குமோ என்று யாரும் கேட்பார்கள். ஆணின் இனப்பெருக்க உறுப்பு முழு வளர்ச்சி பெற்றிருந்தது. பெண்ணை மைக்ரோ சிடி ஸ்கேன் செய்தபோது வயிற்றில் இரண்டு முட்டைகள் தெரிந்தன. அதோடு கேள்வி முடிந்தது. ஆண் உறுப்பின் வடிவம் வேறு வகையிலும் பயன்படுகிறது. 2010இல் பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலிருந்து விவரிக்கப்பட்ட, இரண்டு மீட்டர் வரை வளரும், பழம் தின்னும் உடும்பை அதன் உறவுகளிலிருந்து பிரித்ததில் டிஎன்ஏயோடு அந்த உறுப்புக்கும் பங்கு உண்டு. அந்த உடும்பு அங்குள்ள வேட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும்.

செதிலை எண்ணவே விடாத பல்லியும் இருக்கிறது. மடகாஸ்கரின் கெக்கோலெபிஸ் பல்லிகள், பிடித்த மாத்திரத்தில் தோலோடு செதில்களை உதறிவிட்டு, பச்சைச் சதையாக ஓடிவிடும். சில வாரங்களில் செதில் மறுபடி முளைத்துவிடும். பஞ்சைச் சுற்றிப் பிடித்துப் பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. அந்தப் பேரினத்துக்குள் பல வம்சங்கள் இருப்பதை மரபணு ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. செதிலை நம்பி விவரிக்க முடியாததால் அவை பெயரில்லாமல் கிடந்தன. 2017இல் எலும்புக்கூட்டை மைக்ரோ சிடியில் பார்த்து, மண்டையோட்டு வேறுபாடுகளையும் சேர்த்து, மிகப் பெரிய செதில்களைக் கொண்ட கெக்கோலெபிஸ் மெகாலெபிஸ் என்ற சிற்றினத்தை விவரித்தார்கள்.

உருவம் ஏமாற்றவும் செய்யும். நீமாஸ்பிஸ் என்ற பெயரில் ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய மூன்று இடங்களிலும் பகலில் திரியும், வட்டக் கண்மணி கொண்ட சிறு பல்லிகளை ஒன்றாக வைத்திருந்தார்கள். அவை நெருங்கிய உறவினரே அல்ல, ஒரே வகை வாழ்க்கைமுறை ஒரே உருவத்தைத் தந்திருக்கிறது என்று 2012இல் வெளிவந்த மரபணு மரம், அதாவது மரபணுவை வைத்து வரைந்த உறவுமுறைப் படம், காட்டியது. கரீபியத் தீவுகளின் அனோலிஸ் ஓணான்களிலும் இதே கதைதான். கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் சுள்ளியில் வாழும் வகைகள் ஒன்றுபோலவே இருக்கும், தனித்தனியே தோன்றியிருக்கும்.

அப்படியானால் டிஎன்ஏவையே நம்பிவிடலாமே என்று கேட்கிறீர்கள். பல்லிகளில் பெரும்பாலும் முதலில் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் என்டி2 மரபணு, சுமார் ஆயிரம் எழுத்துகள். 16எஸ் மரபணுவையும் பயன்படுத்துவார்கள். திசுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் அந்தப் பகுதியை மட்டும் பெருக்கி, எழுத்து வரிசையைப் படித்து, ஜென்பேங்க் தரவகத்தில் உள்ள மற்றப் பல்லிகளின் வரிசைகளோடு ஒப்பிட்டு மரம் வரைவார்கள். கணினி தருவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புரதத்துக்கான மரபணுவின் நடுவே திடீரென்று நிறுத்தக் குறியீடு வந்தால், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எப்போதோ உட்கருவுக்குள் நகர்ந்து செயலிழந்த நகலைப் பெருக்கிவிட்டோமோ என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் சரியான குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுத்தோமா என்றும் பார்க்க வேண்டும். டிஜிஏ என்ற மூவெழுத்து உட்கரு மரபணுக்களில் ‘நிறுத்து’ என்று பொருள்படும், முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். புதிதாக வருகிற மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் இடறுவார்கள்.

எல்லோரும் கேட்பது, எத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் தனிச் சிற்றினம் என்பது. அப்படி ஓர் எண் கிடையாது. என்டி2இல் நான்கைந்து சதவீத வேறுபாட்டோடு தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டவை உண்டு. ஒரே சிற்றினத்துக்குள் அதைவிடக் கூடுதலாக வேறுபடும் கூட்டங்களும் உண்டு. பல்லி அதிகம் நகராத பிராணி. ஒரு மலைத்தொடரின் வடகோடியில் இரண்டும் தென்கோடியில் இரண்டும் பிடித்து ஒப்பிட்டால் பெரிய இடைவெளி தெரியும். நடுவில் பத்து இடங்களில் தேடிப் பிடித்தால், அந்த இடைவெளி படிப்படியாக நிரம்பி, தூரத்துக்கு ஏற்ப மெல்ல மாறும் ஒரே சிற்றினமாகவே அது தெரியக்கூடும். ஒரு கட்டுரையில் நான் முதலில் தேடுவது வரைபடத்தில் உள்ள புள்ளிகளை. மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், புள்ளிகளுக்கு நடுவே பெரிய வெற்றிடம் இருந்தால் முடிவை ஒத்திவைத்துவிடுவேன்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது இன்னொரு சிக்கல். எப்போதோ நடந்த கலப்பில் ஒரு சிற்றினத்தின் மைட்டோகாண்ட்ரியா இன்னொன்றுக்குள் புகுந்து நிலைத்துவிட்டால், மரம் பொய் சொல்லும். அதனால் ராக்1 போன்ற உட்கரு மரபணுக்களையும், வசதி இருந்தால் மரபணுத்தொகை முழுவதிலிருந்தும் எடுத்த ஆயிரக்கணக்கான குறியிடங்களையும் சேர்க்கிறார்கள். இரண்டு கூட்டங்கள் ஒரே இடத்தில் வாழ்ந்தும் உட்கரு மரபணுக்கள் கலக்கவில்லை என்று காட்ட முடிந்தால், அதைவிட வலுவான சான்று வேறில்லை.

சிற்றின எல்லையைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்கள் பல வந்துவிட்டன. அவற்றின் விடையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஜீத் சுகுமாரனும் லேசி நோல்ஸும் 2017இல் காட்டியதுபோல், அந்த வகைக் கணக்கீடுகள் பிடிப்பது கூட்டங்களுக்கு இடையிலான பிரிவை. அது சிற்றின எல்லையா, வெறும் உள்பிரிவா என்று அவற்றால் சொல்ல முடியாது. மரபணுக்களைக் கூடுதலாகக் கொடுக்கக் கொடுக்க, இன்னும் நுணுக்கமாக வெட்டிக்கொண்டே போகும்.

மரபணுவை மட்டும் நம்பினால் பெயரளவில் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளின் ஹெமிடாக்டைலஸ் ஃபேசியேட்டஸ் பல்லியை 2010இல் கணக்கீட்டு முறையில் பல சிற்றினங்களாகப் பிரித்து, புதுப் பெயர்களும் சூட்டினார்கள். பல்லியை அடையாளம் காட்டும் பண்புகள் சொல்லப்படாததால் அந்தப் பெயர்கள் விதிப்படி செல்லுமா என்று உடனே மறுப்பு எழுந்தது. அருங்காட்சியக மாதிரிகளைப் பார்த்து, உருவ விளக்கத்தோடு முறையாக வெளியிட 2014 ஆயிற்று. ஆய்வு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிரிப்பு பின்னரும் நின்றது. ஆனால் காட்டில் நிற்கிறவர் கையில் வரிசைப்படுத்தும் கருவி இருக்காது. அவருக்குச் செதில்தான் தெரியும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விலங்கியல் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 முதல் நடப்பில் உள்ளது. பெயர் புதியது என்று வெளிப்படையாக எழுத வேண்டும், பிறவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளைச் சொல்ல வேண்டும், மூல மாதிரியைக் குறிப்பிட்டு அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையானால், 2012இல் வந்த திருத்தத்தின்படி, விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவு கட்டாயம். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும்.

மூல மாதிரிக்காக ஒரு விலங்கைக் கொல்லத்தான் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. கலாபகஸ் தீவுகளில் ஒரே ஓர் எரிமலையில் மட்டும் வாழும் இளஞ்சிவப்பு இகுவானாவைப் பூங்கா ஊழியர்கள் 1986இல் பார்த்தார்கள். தனிச் சிற்றினம் என்று விவரித்தது 2009இல். எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் மூல மாதிரியாகக் குறித்த விலங்குக்கு அடையாளச் சில்லு பொருத்தி உயிரோடு விட்டுவிட்டார்கள். அது செல்லுமா என்று வகைப்பாட்டாளர்கள் சண்டையிட்டுக்கொண்டார்கள். அந்த இடத்தில் விட்டதுதான் சரி என்பது என் கருத்து. சாதாரணமாகக் கிடைக்கும் சிறு பல்லிக்கு அதே சலுகை தேவையில்லை. மாதிரி இல்லாவிட்டால் நூறு ஆண்டு கழித்து வருகிறவர் எதை எண்ணிச் சரிபார்ப்பார்?

இத்தனைக்கும் ஆகும் காலம் கொஞ்சநஞ்சம் அல்ல. பலவகை உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வின்படி, மாதிரி சேகரிக்கப்பட்டதற்கும் புதிய சிற்றினமாக விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள்.

உங்கள் படத்துக்கு வருவோம். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. மறுபடி பார்த்தால் தலையின் பக்கவாட்டு, கண்மணியின் வடிவம், முதுகின் நெருக்கக் காட்சி ஆகியவற்றை எடுங்கள். கண்ணாடியிலோ சுவரிலோ ஏறி வயிறும் விரலடியும் தொடைத்துளைகளும் தெரிய நின்றால் அதை விட்டுவிடாதீர்கள். நேரம், உயரம், பாறையா மரமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்கவோ வால்நுனியை வெட்டவோ வேண்டாம், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அந்தப் பேரினத்தில் வேலை செய்கிறவர் யார் என்று அண்மைக் கட்டுரைகளைப் பார்த்துக் கண்டுபிடித்து அவருக்கு நேரடியாக எழுதுங்கள். எழுதும்போது இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளை அவருக்கு மட்டும் கொடுங்கள், பொதுவில் போடாதீர்கள். சீனாவின் கோனியூரோசாரஸ் லூயி என்ற குகைப்பல்லி 1999இல் விவரிக்கப்பட்டது. வளர்ப்புப் பிராணி வணிகர்கள் கட்டுரையில் இருந்த இடத்தையே தேடிப் போய், மூல மாதிரி கிடைத்த பகுதியில் ஒன்றுகூட மிஞ்சாமல் பிடித்துவிட்டார்கள். அதே பேரினத்தில் 2015இல் இரண்டு புதிய சிற்றினங்களை விவரித்தவர்கள், இடத்தைக் கட்டுரையில் வெளியிடவே இல்லை.